உங்கள் வீட்டுக் காரின் சக்கரங்கள் நேராகப் பார்க்கின்றனவா?

கேமரன் மலைக்குப் போயிருக்கிறீர்களா? தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் மூட்டை சுமந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். 1948-இல் அறிமுகமான வண்டி வகை அது. அடுத்த முறை அதன் முன் டயர்களைக் கவனியுங்கள். ஓர் ஓரம் மட்டும் வழுக்கையாகி இருந்தால், சக்கரங்களின் கோணத்தைச் சோதிக்க வேண்டும் என்று பொருள். அந்தக் கோணங்களைச் சரிசெய்வதைத்தான் பட்டறையில் 'வீல் அலைன்மெண்ட்' என்கிறார்கள்.

மூன்று கோணங்கள்

டோ: பாதங்களின் விரல்களை உள்நோக்கித் திருப்பி நின்று பாருங்கள். முன்சக்கரங்கள் அப்படி இருந்தால் 'டோ-இன்'. வெளிநோக்கி இருந்தால் 'டோ-அவுட்'.

கேம்பர்: வண்டியின் முன்னே நின்று பார்க்கும்போது, சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் அளவு.

காஸ்டர்: பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது, சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு. வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்ப உதவுவது இதுவே.

பழைய லேண்ட் ரோவரின் முன் அச்சு ஒரே கட்டையாக இருப்பதால், கேம்பரும் காஸ்டரும் தயாரிப்பிலேயே நிலைத்துவிடும். பட்டறையில் வழக்கமாகத் திருத்துவது டோ மட்டுமே. அதற்கான அளவு 1.2 முதல் 2.4 மி.மீ. டோ-இன். கல்லிலும் குழியிலும் சக்கரம் மோதும்போது இரு சக்கரங்களையும் இணைக்கும் தண்டு வளையலாம், மூட்டுகள் தேயலாம். அப்போது இந்த அளவு மாறிவிடும்.

சின்னப் பிழை, பெரிய தேய்மானம்

டயரின் விட்டம் 700 மி.மீ. என்று கொள்வோம். சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம், பின்புறத்தைவிட முன்புறத்தில் 7 மி.மீ. குறைவு. அப்படியானால் ஒவ்வொரு சக்கரத்தின் பங்கும் 3.5 மி.மீ.

3.5 ÷ 700 = 1/200

அதாவது, 200 மீட்டர் ஓடினால் டயர் 1 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 1 கி.மீ.க்கு 5 மீட்டர். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கி.மீ.; அங்கே போய்ச் சேர்வதற்குள் 300 மீட்டர்! இரு சக்கரங்களும் எதிரெதிர்த் திசையில் இழுபடுவதால் வண்டி நேராகவே போகும். ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது. டயர் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

நீங்களே சோதிக்கலாம்

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு அடியில் நுழையக் கூடாது.

1. சமதரையில் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக வையுங்கள். டயர்களில் காற்றின் அளவு சரியாக இருக்க வேண்டும்.
2. இரு முன் டயர்களின் முன்புறத்தில், அச்சின் உயரத்தில், நடுவே சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள்.
3. இரு குறிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளவு நாடாவால் அளந்து எழுதுங்கள்.
4. குறிகள் பின்புறத்தில் அதே உயரத்துக்கு வரும்வரை, பெரியவர் வண்டியை மெல்ல முன்னே நகர்த்தட்டும். அப்போது விலகி நில்லுங்கள்.
5. வண்டி நின்று, கைப்பிரேக் போட்ட பிறகு மீண்டும் அளங்கள்.

பின் அளவிலிருந்து முன் அளவைக் கழியுங்கள். விடை நேர்மம் என்றால் டோ-இன். எதிர்மம் என்றால் டோ-அவுட். அதே குறிகளை இரு முறையும் பயன்படுத்துவதால், டயரின் மேடுபள்ளம் கணக்கைக் கெடுக்காது. உங்கள் காருக்கு உரிய அளவு அதன் கையேட்டில் இருக்கும். வேறுபாடு தெரிந்தால் பட்டறைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

குழப்பிக்கொள்ளாதீர்கள்

குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால், பெரும்பாலும் அது சக்கரத்தின் எடைச் சமநிலைக் கோளாறு. டயரின் இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம்.

டயரின் பள்ளங்கள் மழைநீரை வெளியேற்றுகின்றன. அவற்றின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி. ஓரம் வழுவழுப்பான டயரோடு மழையில் மலைச்சாலை வளைவில் இறங்கினால், பிரேக் நன்றாக இருந்தும் வண்டி சறுக்கலாம். உங்கள் குடும்பம் அடுத்த முறை மலைக்குப் புறப்படும் முன், டயர்களை ஒரு முறை குனிந்து பாருங்கள்.

கணக்கிடுக: டயரின் விட்டம் 600 மி.மீ., அளவு வேறுபாடு 12 மி.மீ. எனில், ஒரு டயர் 1 கி.மீ.க்கு எவ்வளவு இழுபடும்? (விடை: 10 மீட்டர்)