கட்டுவிரியனும் ஓநாய்ப் பாம்பும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)



பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. ஆனால் எல்லாப் பாம்புகளையும் கண்டு நடுங்க வேண்டியதில்லை. நமது அரக்கோணம் வட்டாரத்தில் ஏரிக்கரையிலும், செங்கல் அடுக்கிலும், வைக்கோற்போரிலும் காணப்படும் பாம்புகளுள் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நம் நாட்டில் மிகுதியான உயிர்களைப் பறிப்பவை நான்கே. அவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்பனவாம்.

வியப்பு என்னவென்றால், இந்நான்கிற்கும் அவற்றைப் போலவே தோற்றமளித்து, மனிதருக்குத் தீங்கு செய்யாத பாம்புகளும் உண்டு. சாரையை நல்ல பாம்பென்றும், மண்ணுளிப் பாம்பைக் கண்ணாடி விரியனென்றும், பூனைப் பாம்பைச் சுருட்டை விரியனென்றும் எண்ணி அடித்து விடுகிறார்கள். ஓநாய்ப் பாம்பு கட்டுவிரியனைப் போலவே இருக்கும். இந்த இணையைப் பற்றி இங்கே விரிவாகக் காண்போம்.

நிறமும் பட்டைகளும்

கட்டுவிரியன் பளபளக்கும் கருநிறம் அல்லது கருநீல நிறம் உடையது. அதன் மேல் மெல்லிய வெள்ளைக் கோடுகள் இரண்டிரண்டாக இணைந்து காணப்படும். கழுத்தருகே கோடுகள் இரா; இருந்தாலும் மங்கலாகவே இருக்கும். வால் பக்கம் செல்லச் செல்லத் தெளிவாகும்.

ஓநாய்ப் பாம்போ பெரும்பாலும் பழுப்பு நிறமுடையது. அதன் வெண்பட்டைகள் கழுத்திலேயே தொடங்கி, வால் பக்கம் செல்லச் செல்ல மங்கி மறையும். அதாவது ஒன்றின் முறை மற்றதற்கு நேர்மாறானது. தலை தட்டையாக இருக்கும். இரண்டடி நீளத்துக்கு மேல் வளர்வது அரிது. சுவரில் ஏறிப் பல்லிகளைப் பிடித்துத் தின்னும். கட்டுவிரியனோ மூன்றடிக்கு மேலும் வளரும். மற்றப் பாம்புகளையே விரும்பி உண்ணும்.

செதில்கள் கூறும் சான்று

நிறத்தை மட்டும் நம்பிவிடலாகாது. கோடுகளே இல்லாத கட்டுவிரியனும் உண்டு. அதன் குட்டிக்குக் கழுத்துப் பக்கத்திலும் கோடுகள் தெரிவதுண்டு. ஆனால் செதில்கள் அவ்வாறு மாறுவதில்லை.

முதலாவதாக, கட்டுவிரியனின் முதுகெலும்பை ஒட்டி நடுவில் ஒரு வரிசைச் செதில்கள் ஓடுகின்றன. அவை மற்றவற்றைவிடப் பெரியவை, அறுகோண வடிவானவை. ஓநாய்ப் பாம்புக்கு முதுகுச் செதில்கள் யாவும் ஏறக்குறைய ஒரே அளவானவை.

இரண்டாவதாக, வாலின் அடிப்புறச் செதில்கள் கட்டுவிரியனில் பிளவுபடாமல் ஒற்றை வரிசையாக இருக்கும். ஓநாய்ப் பாம்பில் அவை நடுவில் பிளந்து இரட்டை வரிசையாக இருக்கும்.

மூன்றாவதாக, உடலின் நடுப்பகுதியில் குறுக்காக எண்ணினால் கட்டுவிரியனுக்கு வழக்கமாக 15 செதில் வரிசைகளும், ஓநாய்ப் பாம்புக்கு 17 வரிசைகளும் இருக்கும்.

பாம்பைப் பிடித்து வைத்தா எண்ணுவது என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. வேண்டவே வேண்டாம்! உதிர்ந்து கிடக்கும் பாம்புச் சட்டையில் நிறம் மங்கிப் போயிருக்கும். ஆனால் ஒவ்வொரு செதிலின் வடிவமும் அப்படியே பதிந்திருக்கும். அதைப் பெரியவர்கள் எடுத்துத் தர, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும்.

இதனால் என்ன பயன்?

கட்டுவிரியன் இரவில் உலாவுவது. தரையில் பாய் விரித்து உறங்குவோரைக் கடிக்கிறது. கடிவாயில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. ஆதலால் சிலர் கடிபட்டதையே அறிவதில்லை. பின்னர் வயிற்று வலி உண்டாகும், கண்ணிமைகள் தொங்கும், பேச்சுக் குழறும், இறுதியில் மூச்சு நின்றுவிடும்.

ஓநாய்ப் பாம்பு கடித்த ஒருவர் மந்திரிக்கச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேப்பிலை அடித்ததும் நலமாக வீடு திரும்புகிறார். நஞ்சே இல்லாத பாம்பு கடித்தவர் எப்படியும் பிழைத்திருப்பார்! ஆனால் ஊரார் மந்திரம் பலித்தது என்று நம்புகின்றனர். நாளை கட்டுவிரியன் கடித்தவரையும் அங்கேயே தூக்கிச் செல்கின்றனர். மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய பொன்னான நேரம் வீணாகிறது. இவ்வாறு ஓர் அப்பாவிப் பாம்பின் உருவ ஒற்றுமை மனித உயிருக்கே உலை வைக்கிறது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். தமிழக அரசு 2024ஆம் ஆண்டு பாம்புக்கடியை அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது.

கடித்தால் செய்ய வேண்டியவை

கயிற்றால் இறுகக் கட்டுதல், கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, தைரியம் கூறி, உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நம் நாட்டு நஞ்சுமுறி மருந்து மேற்கூறிய நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் பொதுவானது. ஆகவே பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை. ஓநாய்ப் பாம்புதான் கடித்தது என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு வீட்டில் இருப்பதும் ஆபத்து. அந்த முடிவை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்.

அம்மருந்துக்கான நஞ்சைச் சேகரித்துத் தருபவர்கள் இருளர் மக்கள். 1978இல் அவர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அமைந்தது. அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. பாம்பைக் கொன்று தோல் விற்று வந்த கைகளே இன்று பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்து மனிதரைக் காப்பது எவ்வளவு பெருமைக்குரியது!

தோழியரே, இரவில் விளக்கின்றி வெளியே செல்லாதீர்கள். கட்டிலோ கொசுவலையோ இருந்தால் அதிலேயே உறங்குங்கள். பாம்பைக் கண்டால் விலகி நில்லுங்கள். எந்தப் பாம்பையும் அடிக்காதீர்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் இவற்றை எடுத்துக் கூறுங்கள். கற்றது நம் வீட்டாரின் உயிரைக் காக்குமானால் அதைவிடச் சிறந்த கல்வி வேறென்ன இருக்கிறது?