சொல்லும் ஒரு மருந்து

நுழையும்முன்

பிற உயிர்களுக்கு உதவ விரும்புவோர் அனைவரும் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. எழுதவும் வரையவும் படமெடுக்கவும் தெரிந்தவர்கள் தம் கலையால் ஓர் உயிருக்கு வீடு தேடித் தரலாம். அக்கலைக்குரிய பொறுப்பை இப்பாடம் எண்ணிப் பார்க்கிறது.

தமிழில் நாய்க்கு ஞமலி, ஞாளி என்னும் பழம்பெயர்களும் உண்டு. நெடுங்காலமாக மனிதரோடு வாழ்ந்துவரும் அவ்விலங்கு, இன்று தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் முதலிய தென்சென்னைப் புறநகர்த் தெருக்களில் அன்பையும் அச்சத்தையும் ஒருங்கே பெறுகிறது.

இப்புறநகர்களுக்கு அண்மையில், கிண்டியிலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் ‘புளூ கிராஸ்’ அமைப்பு இயங்குகிறது. விமானிகளான கேப்டன் வி. சுந்தரமும் அவர்தம் துணைவியார் உஷாவும் 1959இல் தொடங்கிய பணி அது. தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்யும் முறையை அவ்வமைப்பு 1964இல் முன்வைத்தது. 1996இல் சென்னை மாநகராட்சி அதனை ஏற்றது.

கலைக்கும் உயிரிரக்கத்துக்கும் இந்நகரில் முன்னரே உறவு உண்டு. கலாக்ஷேத்ராவை நிறுவிய நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையில் விலங்குவதைத் தடுப்புக்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அம்முயற்சி 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவகுத்தது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

மீட்கப்பட்ட நாயின் புண் ஆறியபின் அதற்கு வேண்டுவது ஒரு வீடு. இங்கேதான் கலை துணைநிற்கிறது. கருநிற நாயை நிழலில் படமெடுத்தால் முகம் தெரியாது. காலை வெளிச்சத்தில், அதன் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து எடுத்தால் அதன் இயல்பு தெரியும். எழுத்தும் அத்தகையதே. பின்வரும் இரு குறிப்புகளை ஒப்பிடுக:

‘பாவம், நாதியற்ற சீவன். இரக்கம் இருந்தால் வாருங்கள்.’

‘மூன்று வயதுப் பெண்நாய். கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்தன. பெரியவர்களிடம் இணக்கமாகப் பழகும். பட்டாசு ஒலிக்கு அஞ்சும்.’

முன்னது இரக்கத்தைத் தூண்டுகிறது. பின்னது நாயை அறிமுகம் செய்கிறது. இறுதித் தொடரை மறைத்திருந்தால், தீபாவளியன்று மிரண்டோடும் நாயைக் கண்டு திகைக்கும் குடும்பம் அதனைத் திருப்பி அனுப்பக்கூடும். எனவே, உண்மை கூறுதல் எழுத்தின் அழகு மட்டுமன்று. அந்நாய்க்குப் பாதுகாப்பும் ஆகும்.

நாய்க்கடிக்கு அஞ்சுவோரை எள்ளுவதும் இரக்கமன்று. வெறிநோய் அறிகுறிகள் தோன்றியபின் உயிர்பிழைத்தல் மிக அரிது. கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை எளிய தமிழில் எழுதி, படம் வரைந்து தெருவில் வைப்பவர், மனிதரையும் நாயையும் ஒருசேரக் காக்கிறார்.

உயிர்களிடத்து இரக்கம் காட்டுதலை அடிப்படைக் கடமையாக நம் அரசமைப்பின் 51அ(எ) பிரிவு உரைக்கிறது. அக்கடமையை ஆற்ற உங்கள் தமிழும் ஒரு கருவியே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவில் வாழும் ஒரு நாயைத் தொலைவிலிருந்து கவனித்து, மிகைப்படுத்தாமல் ஐந்து தொடர்களில் அறிமுகம் செய்க.
2. நாய்க்கடி முதலுதவி குறித்துச் சுவரொட்டி ஒன்றை உருவாக்கி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.