‘பி’ நிலையை விட்டு நகராத கார்

நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டியிருக்கிறது. காரின் எஞ்சின் இயங்குகிறது; ஆனால் கியர்த் தண்டு ‘பி’ என்னும் நிறுத்த நிலையை விட்டு அசைய மறுக்கிறது. பழைய ‘ஓட்டோ’ கார்களை வைத்திருக்கும் தோட்டத்துக் குடும்பங்களுக்கு இத்தகைய இக்கட்டு நேரக்கூடும். அவ்வேளையில் தண்டைப் பலங்கொண்டு இழுத்தலாகாது. உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பாகம் முறிந்தால், சில வெள்ளிகளில் தீரும் பழுது பெருஞ்செலவாகிவிடும்.

பிரேக்கை மிதித்தாலன்றித் தண்டு நகராதபடி பூட்டு ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் 1980-களில் ‘ஆவ்டி 5000’ கார்கள் தாமாகவே பாய்வதாகப் பெரும் புகார் எழுந்தது. பிரேக்கென எண்ணி ஓட்டுநர் எண்ணெய் மிதியை அழுத்தியதே பெரும்பாலும் காரணம் என்று அந்நாட்டு அரசின் ஆய்வு 1989-இல் கூறியது. அதற்கு முன்னரே அந்நிறுவனம் தன் கார்களில் இப்பூட்டைப் பொருத்தத் தொடங்கியிருந்தது. பின்னர் இது பிற நிறுவனங்களின் கார்களுக்கும் பரவியது.

பூட்டு இயங்கும் முறை எளியது. பிரேக் மிதிக்கு மேலே சிறு சுவிட்ச் உண்டு. மிதித்தவுடன் அது பின்புறச் சிவப்பு விளக்குகளை எரியச் செய்கிறது. அதே குறிப்பைக் கொண்டு, தண்டின் அருகிலுள்ள மின்காந்தச் சுருள் பூட்டை விடுவிக்கிறது. ஆகவே நாம் முதலில் பார்க்க வேண்டியது தண்டையன்று, பின்விளக்கையே.

சாவி ‘ஓன்’ நிலையில் இருக்கட்டும். ஒருவர் பிரேக்கை மிதிக்க, மற்றொருவர் பின்னால் சென்று பார்க்கட்டும். துணைக்கு ஆளில்லையெனில், இரவில் சுவரில் படும் சிவப்பொளியே போதும். விளக்குகள் ஒன்றுகூட எரியவில்லையா? எல்லாப் பல்புகளும் ஒரே நாளில் கெடுவது அரிது. பியூஸ் அல்லது சுவிட்சின் மீதே ஐயம் கொள்ள வேண்டும். பியூஸ் பெட்டியின் மூடியில் ‘ஸ்டோப்’ என்று குறித்துள்ளதைக் கழற்றிப் பாருங்கள். உள்ளிருக்கும் கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள புதியதை இடுக. 10 இருந்த இடத்தில் 20 இடுவதும், வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும் தீயை வரவழைக்கும் செயல்கள்.

விளக்கு எரிந்தும் தண்டின் அருகே ‘டக்’ என்னும் ஓசை கேட்கவில்லையெனில், சுருளோ அதற்குச் செல்லும் கம்பியோ பழுதாகியிருக்கலாம். ஓசை கேட்டும் நகரவில்லையெனில், கோளாறு பெரும்பாலும் இரும்பிலும் கேபிளிலும்தான்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. மிதியின் கைப்பகுதியில் ரப்பராலோ பிளாஸ்டிக்காலோ ஆன சிறு வில்லை ஒன்று சுவிட்சைத் தொட்டு நிற்கும். வெயிலில் நாள்தோறும் வெந்த அவ்வில்லை ஒருநாள் பொடிந்து உதிரும். அதன்பின் விளக்கு இரவெல்லாம் எரிந்து பேட்டரியை வற்றச் செய்யும். பேட்டரி வற்றினால் பூட்டும் திறவாது. மிதியடியின் கீழ் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால் இதுவே காரணம். ரப்பர் மரத்தை நம்பி வாழும் நம்மை ஒரு துண்டு ரப்பர் நடுவழியில் நிறுத்துவது வேடிக்கைதான்!

மேட்டுச் சாலையில் கைப்பிரேக்கை இழுக்காமல் ‘பி’யில் விட்ட காரின் முழுப்பாரமும் கியர்ப்பெட்டிக்குள் உள்ள சிறு கொக்கியின் மீது விழுகிறது. அப்போது பூட்டு திறந்தாலும் தண்டு இறுகி நிற்கும். கீழே நின்று தள்ளுவது உயிருக்கு ஆபத்து. மேலே நிற்கும் வண்டியில் கயிறு கட்டிச் சற்றே இழுத்தால் கொக்கி தளரும். ஓட்டுநரின் கால் பிரேக்கின் மீதே இருக்க வேண்டும்.

அவசரத்திற்கென்று பல கார்களில் தண்டின் அருகே சிறு மூடியோ பொத்தானோ உண்டு. கைப்பிரேக்கை நன்கு இழுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, அதனை அழுத்தியவாறு தண்டை ‘என்’ நிலைக்கு நகர்த்தலாம். அந்நிலையிலேயே எஞ்சினையும் இயக்கலாம். கைப்பிரேக்கை மறந்தால் வண்டி உருண்டோடிவிடும். இவ்வாறு கிளப்பிய காரில் பின்விளக்கு எரியாதிருக்கக்கூடும் என்பதை நினைவிற் கொள்க. நாம் நிறுத்துவது பின்னால் வரும் லாரிக்குத் தெரியாது. எனவே, நோயாளியை ஏற்றிச் செல்லும் இரவாயின் மெதுவாகச் செல்வதோடு, விளக்கெரியும் வேறொரு வண்டியைப் பின்னால் வரச் செய்யலாம். பட்டறைக்குப் போவதாயின் விடியும்வரை பொறுத்திருக்கலாம்.