கண்காணிக்கும் கருவியும் மாணவர் நேர்மையும்

அறிவியல் வளர வளரத் தேர்வு நடத்தும் முறைகளும் மாறி வருவது கண்கூடு. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைக்கும் கிள்ளான் வட்டாரத் தோட்டப் பிள்ளைக்கும் கைப்பேசித் திரையே கரும்பலகையாயிற்று. அன்று எழுந்த வினா ஒன்று இன்றும் நிற்கின்றது. ஆசிரியர் எதிரில் இல்லாதபொழுது தேர்வெழுதும் மாணவரைக் கண்காணிப்பது எவ்வாறு?

இதற்கெனக் கருவிகள் உள்ளன. கணினியின் படக்கருவி மாணவரின் முகத்தையும், ஒலிவாங்கி அறையின் ஓசையையும் பதிவு செய்கின்றன. சில மென்பொருள்கள் தேர்வுப் பக்கத்தையன்றி வேறு பக்கத்தைத் திறக்க விடுவதில்லை. வேறு சில, செயற்கை நுண்ணறிவின் துணையால், கண் திரையை விட்டு விலகினாலும் மற்றொரு குரல் கேட்டாலும் ஐயக்குறி இடுகின்றன.

ஐயக்குறி குற்றத்திற்குச் சான்றாகாது. விடையை நினைவுகூரும் பிள்ளை கூரையை நோக்குவது இயல்பு. ஒரே கூடத்தில் தம்பி அழுவதும் தொலைக்காட்சி ஒலிப்பதும் நம் வீடுகளில் அன்றாட நிகழ்ச்சி. கருவி இவற்றின் காரணத்தை அறியாது. மேலும், முகத்தைக் கொண்டு ஆண், பெண் எனப் பகுக்கும் மென்பொருள்களை ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு எனும் ஆய்வாளர் இருவர் ஆராய்ந்து 2018இல் முடிவு வெளியிட்டனர். வெண்ணிற ஆடவர் முகங்களில் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்டிர் முகங்களிலோ 34.7 விழுக்காடு வரை சென்றது. நம் பிள்ளைகளின் நிறத்தை எண்ணுங்கால் இது புறக்கணிக்கத் தக்கதன்று.

தமிழ்நாட்டின் அண்ணா பல்கலைக்கழகத்தில் 2021இல் இம்முறையில் நடந்த தேர்வில், முறைகேட்டு ஐயத்தால் மாணவர் பலரின் முடிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. தாம் தவறிழைக்கவில்லை எனப் பலர் முறையிட்டனர். அவ்வாண்டு மே திங்களில் மறுதேர்வு அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திலும், தேர்வுக்கு முன் மாணவரின் அறையைப் படக்கருவியால் சுற்றிக் காட்டச் செய்தது அரசமைப்புக்கு முரணானது என 2022இல் கூட்டரசு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

தொடக்கப்பள்ளியில் நமக்கு எளிய வழி உண்டு. 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டபின், வகுப்பறை மதிப்பீடே முதன்மை பெற்றுள்ளது. 24இல் நான்கில் மூன்று பங்கு 18 என ஒரு மாணவர் எழுதினால், "எப்படிக் கண்டாய்? படம் வரைந்து காட்டு" என்று கேட்போம். இரண்டு நிமிடத்தில் உண்மை விளங்கிவிடும். தன் வீட்டுத் தோட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதப் பணித்தால், பார்த்து எழுதுவதற்கு எங்கும் இடமில்லை. ஐயம் எழுந்தாலும் முதலில் பிள்ளையின் சொல்லைக் கேட்டல் வேண்டும். செய்யாத குற்றத்தைச் சுமந்த பிஞ்சு உள்ளம் பள்ளியையே வெறுக்கக்கூடும்.

பெற்றோர்களே! இயங்கலைத் தேர்வில் அருகமர்ந்து விடை சொல்லித் தருவது அன்பினாலேயே என்பதை அறிவோம். ஆயினும் அவ்வாறு பெறும் புள்ளி பிள்ளையுடையதன்று. பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதை ஆசிரியர் அறியாமற் போகிறார். தேவையான உதவியும் கிட்டாமற் போகிறது.

மாணவச் செல்வங்களே! தெரியாததைத் தெரியாது என விட்டுவிடுங்கள். அதைக் கற்பிக்கவே நாங்கள் இருக்கின்றோம். எவரும் காணாதவிடத்தும் நேர்மை காப்பவருக்குக் காவற்கருவி தேவையில்லை.