கினபாலு இரவு நடை: பின்னால் வருபவர் யார் பொறுப்பு?



இந்தத் தடவை பாடத்துக்கு ஒரு மலையை எடுத்துக்கொள்வோம். நீண்ட விடுமுறை நெருங்கினாலே நம் கிளைகளில் "இந்த வருஷம் கினபாலு போலாமா?" என்ற பேச்சு கிளம்பிவிடும். நல்லதுதான். ஆனால் விமான டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் வகுப்பில் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பாதி வழியில் ஒருத்தருக்கு முடியாமல் போனால் மற்றவர்கள் என்ன செய்வது?

முதலில் மலையைத் தெரிந்துகொள்வோம். சபாவில் இருக்கும் கினபாலு 4,095 மீட்டர் உயரம். மலேசியாவிலேயே உயரமான மலை அதுதான். 1,866 மீட்டரில் உள்ள திம்போஹோன் வாயிலில் காலையில் ஏற ஆரம்பித்தால் 6 கிலோமீட்டர் படியும் பாறையுமாக நடந்து, 3,272 மீட்டரில் இருக்கும் லாபான் ராத்தா தங்குமிடத்தை மாலைக்குள் அடையலாம். இரவு அங்கேதான். தூங்கினோம் என்று சொல்ல முடியாது, சும்மா படுத்திருப்போம். நடுநிசி தாண்டியதும் எழுந்து ஒரு மைலோவைக் குடித்துவிட்டு, சுமார் 2.30 மணிக்குத் தலைவிளக்கு வெளிச்சத்தில் மீண்டும் நடை. உச்சிக்கு இன்னும் 2.7 கிலோமீட்டர். மரங்கள் மறைந்துவிடும். வெறும் பாறை, பிடித்து ஏறக் கயிறு, முகத்தில் அறையும் குளிர்காற்று. 3,668 மீட்டரில் சாயாட்-சாயாட் சோதனைச் சாவடி. அங்கே 5 மணிக்குள் வந்து சேராதவர்களை மேலே விடமாட்டார்கள். உச்சியில் சூரியோதயம் பார்த்துவிட்டு அன்றைக்கே 8.7 கிலோமீட்டரும் இறங்க வேண்டும். ஏறுவதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். முழங்காலைக் கேட்டால் அது இறங்கியதைப் பற்றித்தான் பேசும்.

உடல் வலிமை இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. 4,000 மீட்டரில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது என்பது மலை மருத்துவர்களின் ஆலோசனை. நாமோ கோத்தா கினபாலுவில் கடலோரமாகப் பசியாறிவிட்டு, மறுநாள் இரவு 3,272 மீட்டரில் படுக்கிறோம். அதனால்தான் தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், காரணமில்லாத சோர்வு எல்லாம் வருகின்றன. இது யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. புட்சால் ஆட்டத்தில் கலக்குகிற தம்பிக்கு வரலாம், ஒல்லியான தங்கைக்கு வராமலே போகலாம். லேசான தலைவலி என்றால் ஓய்வு எடுத்துப் பார்க்கலாம். ஆனால் பேச்சு குழறினாலோ, நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அது உயிர் ஆபத்து. உடனே கீழே இறக்க வேண்டும். பனடோல் போட்டு மேலே இழுத்துக்கொண்டு போகிற விஷயம் இல்லை அது.

இப்போது கேள்விக்கு வருவோம். நள்ளிரவு 3.30 மணி. ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருவர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்" என்கிறார். ஒரு வருஷமாகக் காசு சேர்த்து வந்திருக்கிறார்கள். உச்சி கூப்பிடு தூரத்தில் தெரிகிறது. "சரிடா, வந்துரு" என்று சொல்லிவிட்டு நகர்வது ரொம்ப சுலபம். உடம்பு முடியாதவர் பெரும்பாலும் உண்மையைச் சொல்லமாட்டார் என்பதை நினைவில் வையுங்கள். மற்றவர்களின் ஆசையைக் கெடுக்கக் கூடாதென்று "ஓகே, ஓகே" என்றுதான் சொல்வார்.

மகாபாரதத்தின் 17-ஆம் பர்வமான மகாப்ரஸ்தானிக பர்வத்தில் இதே மாதிரி ஒரு மலை நடை வருகிறது. அரசை விட்டுவிட்டுப் பாண்டவர்கள் இமயத்தைக் கடந்து மேருவை நோக்கி நடக்கிறார்கள். முதலில் திரௌபதி விழுகிறாள். பிறகு சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், கடைசியில் பீமன். யுதிஷ்டிரர் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். வகுப்பில் இதைச் சொன்னால் யாராவது ஒருத்தர் "அப்படின்னா நாமும் விட்டுட்டுப் போகலாம்தானே?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அது உடலைத் துறக்கப் புறப்பட்ட பயணம். திரும்பி வருவதாக அவர்கள் கிளம்பவே இல்லை. நாம் ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்ப வேண்டியவர்கள். அதோடு கதை அங்கே முடியவும் இல்லை. இந்திரன் தேரோடு வந்து கூப்பிடும்போது, தன்னை நம்பிக் கூடவே வந்த நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று யுதிஷ்டிரர் மறுத்துவிடுகிறார். சொர்க்கமே கையில் இருக்கும்போது மறுக்கிறார். அந்த நாய் தர்மதேவதை என்பது பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. என் கருத்தில், மலை ஏறுபவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் அந்த மறுப்புதான்.

கீதையின் 2-ஆம் அத்தியாயம் 14-ஆம் சுலோகம் குளிரையும் வெப்பத்தையும் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறதே என்று சிலர் வாதிடலாம். பொறுமை அவரவர் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் பயிற்சி. அடுத்தவரின் தலைவலியை அவர் பொறுத்துக்கொள்ளட்டும் என்று நாம் முடிவு செய்வதற்குப் பெயர் வேறு.

நடைமுறையில் என்ன செய்வது? கினபாலுவில் வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி இல்லை. மலிம் குனோங் என்று அழைக்கப்படும் அவர்கள் பெரும்பாலும் மலையடிவார டூசுன் மக்கள். அவர் திரும்பு என்றால் திரும்ப வேண்டும், பேரம் கிடையாது. நோயாளி ஒருபோதும் தனியாக இறங்கக் கூடாது. குழுவுக்கு ஒரே வழிகாட்டி, அவர் நோயாளியோடு இறங்க வேண்டிய நிலை என்றால் அத்தனை பேரும் இறங்குவதற்கு மனதளவில் தயாராக இருங்கள். இதை வாயிலில் நிற்கும்போதே எல்லாரும் வாய்விட்டுச் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். 3.30 மணிக்குப் பாறையில் நின்று விவாதித்தால் நல்ல முடிவு வராது.

அந்த மக்களுக்கு இது வெறும் மலை இல்லை. இறந்த முன்னோரின் ஆவிகள் தங்கும் இடம் என்று நம்புகிறார்கள். மலையின் சாந்திக்காகச் செய்யும் சடங்கில் வெற்றிலை பாக்கும் இடம்பெறும் என்றால் நமக்கு அந்நியமாகவா தெரிகிறது? 2015 மே மாத இறுதியில் வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகள் சிலர் மேலே ஆடை களைந்து படம் எடுத்தது அவர்களை ஆழமாகப் புண்படுத்தியது. சில நாட்களில், ஜூன் 5-ஆம் தேதி காலை, 6.0 அளவில் நிலநடுக்கம். மலையில் 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த தொடக்கப்பள்ளி மாணவர்களும், கூட வந்த வழிகாட்டிகளும் அவர்களில் இருந்தார்கள். மேலே சிக்கிக்கொண்ட ஏறுநர்களைச் சிதைந்த பாதையில் கீழே கொண்டுவந்து சேர்த்ததில் முன்நின்றவர்கள் அந்த வழிகாட்டிகள்தான். பின்னால் வருபவரை விடாமல் இருப்பது என்றால் என்ன என்று கேட்க அவர்களைவிட நல்ல ஆசிரியர் யார்?

போக முடிவு செய்தால் இரண்டு மாதம் முன்பே பயிற்சி தொடங்குங்கள். பத்துமலையின் 272 படிகளை முதுகில் பையோடு ஐந்தாறு தடவை ஏறி இறங்குங்கள், முருகனையும் பார்த்த மாதிரி ஆச்சு. ஆஸ்துமா, இருதயக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது நாயின் கதையைப் படித்துவிட்டு, உங்கள் குழுவில் கடைசியாக நடக்கப்போகிறவர் யார் என்று ஒரு பெயரையும் எழுதிக் கொண்டுவாங்க. வேகமாக நடக்கத் தெரிந்தவரின் பெயராக இருக்கட்டும்.