தேசாதிபதி வார்டும் நமது பூட்டன்மாரும்



வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய நம்ம சொந்தங்களுக்கு அந்த வழி புதுசில்லை. கோப்பித் தோட்டக் காலத்தில் நமது பூட்டன்மார் மன்னார்க் கரையில் தோணி இறங்கி, வன்னிக் காட்டோரமாக மதவாச்சி, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். நூறு மைலுக்கும் மேலான வழி. நல்ல தண்ணீர் இல்லை. வாந்திபேதியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர்!

அக்காலத் தேசாதிபதிகளில் ஒருவர் சேர் ஹென்றி வார்ட். 1797இல் லண்டனில் பிறந்தவர். முன்பு அயோனியன் தீவுகளை ஆண்டபோது, கிளர்ச்சி செய்தவர்களைத் தூக்கிலிட்ட கடுமையானவர். 1855இல் இலங்கைக்கு வந்தார்.

இங்கே பல வேலை செய்தார். 1856இல் வந்த நீர்ப்பாசனச் சட்டம், ஊரார் கூடிக் குளமும் வாய்க்காலும் பேணும் பழைய முறைக்குப் பலம் கொடுத்தது. 1858இல் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவரச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி ரயில் பாதைக்கு முதல் மண் வெட்டினார். 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. கோப்பி மூட்டை ரயிலேறியது. நம்மவர்களோ வடக்குப் பாதையில் இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். யாருக்காக ரயில் என்று இதிலேயே தெரிகிறது அல்லவா?

வார்ட் 1860 ஜூலையில் சென்னைக்குக் கவர்னராகப் போனார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 2ஆம் திகதி இறந்தார். காரணம், அதே வாந்திபேதி.

நோய் பதவி பார்ப்பதில்லை. ஆனால் நல்ல தண்ணீர் யாருக்குக் கிடைக்கும் என்பதை மனிதர்தான் தீர்மானிக்கிறார்கள். ஆகவே தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்போம். லயத்துக்குச் சுத்தமான குழாய்த் தண்ணீர் வேண்டுமென்று ஒன்றாகக் கேட்போம்.