அத்தையின் திராட்சைக் கடையும் எக்ஸெல் போட்ட கணக்கும்

பத்தாம் வகுப்பில் கிராப் தாளில் இருபடிச் சமன்பாட்டை வரைந்தது பலருக்கும் நினைவிருக்கும். புள்ளி புள்ளியாக வைத்து வளைவாக இணைப்போமே, அந்தப் பரவளையம்தான். அதன் உச்சியைக் கண்டுபிடிக்க இன்று கிராப் தாள் தேவையில்லை. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் போதும். இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் கால்க் மென்பொருளை இலவசமாக இறக்கிக் கொள்ளலாம். இங்கு சொல்லும் பார்முலாக்கள் இரண்டிலும் வேலை செய்யும்.

எனக்கு ஊர் ஓடைப்பட்டி. விதையில்லாத் திராட்சைக்குப் பேர் போன ஊர். (2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை வேறு ரகம், அதில் விதை உண்டு.) அத்தைக்கு இங்கே திராட்சைப் பந்தல் இருக்கிறது. காய் வெட்டும் நாட்களில் சின்னமனூர் அருகே மெயின் ரோட்டோரம் கடை போடுவார். குமுளி, தேக்கடி, சபரிமலை என்று போகிற வண்டிகள் நிற்கும். லீவில் போன என்னிடம், "கிலோ என்ன வெலைக்கு விக்கலாம்னு உன் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு மருமகனே" என்றார்.

அத்தையின் நோட்டில் மூன்று விதமான விலையும் விற்பனையும் இருந்தன. பாடத்துக்காக முழு எண்ணாக்கித் தருகிறேன். 50 ரூபாய்க்கு விற்ற நாளில் 140 கிலோ, 60 ரூபாய்க்கு 120 கிலோ, 70 ரூபாய்க்கு 100 கிலோ. அதாவது விலையில் ஒரு ரூபாய் கூடினால் விற்பனையில் 2 கிலோ குறைகிறது. ஆகவே விற்கும் கிலோ = 240 - 2 × விலை.

எக்ஸெலைத் திறந்து ஏ1 செல்லில் விலை, பி1-ல் கிலோ, சி1-ல் கல்லா என்று தலைப்பு கொடுங்கள். ஏ2-ல் 40 என டைப் செய்யுங்கள். ஏ3-ல் =ஏ2+5 என அடித்து என்டர் தட்டுங்கள். (செல் பெயர்களையும் பார்முலாக்களையும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.) பி2-ல் =240-2*ஏ2 என்றும், சி2-ல் =ஏ2*பி2 என்றும் கொடுங்கள். இனி ஒவ்வொரு செல்லின் வலது கீழ் மூலையில் தெரியும் சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து 18-வது வரிசை வரை இழுங்கள். விலை 40 முதல் 120 வரை வந்துவிடும். சி காலத்தைப் பாருங்கள். தொகை ஏறி, 60 ரூபாயில் 7,200-ஐத் தொட்டு, பிறகு இறங்கும்.

அன்று நான் இதைப் பார்த்துவிட்டுப் பெரிய மேதாவி போல, "60 ரூபாய்தான் அத்தை உச்சம். கண்ணை மூடிக்கிட்டு வில்லுங்க" என்று சொல்லிவிட்டு பெங்களூரு பஸ் ஏறிவிட்டேன். பத்து நாள் கழித்து போன் வந்தது.

"கல்லா நிறையுது மருமகனே. கையிலதான் ஒண்ணும் நிக்க மாட்டேங்குது."

தப்பு எக்ஸெலில் இல்லை. நான் கேட்ட கேள்வியில் இருந்தது. அதே திராட்சையை வியாபாரி பந்தலுக்கே வந்து கிலோ 40 ரூபாய்க்கு எடுத்துக் கொள்வார். அன்றைய 120 கிலோவை அவரிடமே கொடுத்திருந்தால் 4,800 ரூபாய் வெயிலில் நிற்காமலே வந்திருக்கும். ஆக, நாள் முழுக்க ரோட்டோரம் உட்கார்ந்ததற்குக் கிடைத்தது 7,200 அல்ல, 2,400தான். உச்சியைத் தேட வேண்டியது இந்தத் தொகைக்கு.

ஜி1 செல்லில் 40 என வியாபாரி விலையைப் போடுங்கள். டி1-ல் மிச்சம் என்று தலைப்பிட்டு, டி2-ல் =(ஏ2-$ஜி$1)*பி2 எனக் கொடுத்துக் கீழே இழுங்கள். டாலர் குறி போட்டால் இழுக்கும்போது ஜி1 நகராமல் அங்கேயே நிற்கும். அதை விட்டுவிட்டால் அடுத்த வரிசையில் ஜி2, ஜி3 என்று காலி செல்களைத் தேடிப் போய்விடும். புதியவர்கள் அதிகம் மாட்டிக் கொள்வது இங்கேதான்.

இப்போது டி காலத்தின் உச்சி 80 ரூபாயில் இருக்கும், மிச்சம் 3,200. நான் சொன்ன விலையில் அத்தைக்குத் தினம் 800 ரூபாய் நஷ்டம். பெரிய அட்டவணையாக இருந்தால் காலி செல் ஒன்றில் =மேக்ஸ்(டி2:டி18) என்று கொடுங்கள். அதிகபட்சத் தொகையைச் சொல்லிவிடும். படமாகப் பார்க்க ஆசையா? ஏ காலத்தைத் தேர்வு செய்து, கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி டி காலத்தையும் தேர்வு செய்யுங்கள். இன்சர்ட் பகுதியில் ஸ்கேட்டர் சார்ட்டைக் கிளிக் செய்தால் பள்ளியில் வரைந்த அதே மலை திரையில் தோன்றும்.

அட்டவணை இல்லாமலும் உச்சியைப் பிடிக்கலாம். மிச்சம் எங்கே பூஜ்யமாகிறது? 40 ரூபாயில் (லாபமே இல்லை), 120 ரூபாயில் (வாங்க ஆளே இல்லை). மலை இருபுறமும் ஒரே மாதிரி இறங்குவதால் உச்சி சரியாக நடுவில், 80-ல். பெருக்கி எழுதினால் -2வி² + 320வி - 9600 என்று வரும். இதில் வி என்பது விலை. பாடப்புத்தகச் சூத்திரம் -பி/2ஏ. ஏ = -2, பி = 320 என்று போட்டால் அதே 80. ஏ மைனஸாக இருந்தால்தான் மலை. பிளஸாக இருந்தால் குழி, அதில் அதிகபட்சம் என்று எதுவும் கிடையாது. இன்னொன்று: எக்ஸெலில் =-ஏ2^2 என்று அடித்தால் முதலில் மைனஸைச் சேர்த்துக் கொண்டு பிறகு வர்க்கம் எடுக்கும்; விடை பிளஸில் வரும். =-(ஏ2^2) என்று அடைப்புக்குறி போடுங்கள்.

இதற்காக நேராக 80-க்குத் தாவச் சொல்லவில்லை. நோட்டில் இருந்த அனுபவம் 70 வரைதான். அதற்கு மேலும் விற்பனை அதே நேர்கோட்டில் குறையும் என்பது நம் ஊகம். அத்தை 75-ல் ஆரம்பித்தார். உச்சிக்குப் பக்கத்தில் மலை கிட்டத்தட்ட சமதளம் என்பதால் பயமில்லை. கணக்குப்படி 5 ரூபாய் தள்ளி நின்றால் 50 ரூபாய்தான் போகும். 20 ரூபாய் தள்ளி நின்றதால்தான் 800 போனது. 75-ல் கணக்கு சொன்ன 90 கிலோ போகவில்லை, 85 கிலோதான் போனது. அப்படியும் மிச்சம் 2,975 ரூபாய்.

போன வாரம் அத்தையிடமிருந்து மறுபடி போன். வியாபாரி 50 ரூபாய் தருகிறாராம். "அப்ப நாமளும் பத்து ரூபா ஏத்திருவமா?" என்றார். ஜி1-ல் 40-ஐ அழித்து 50 என மாற்றி டி காலத்தைப் பாருங்கள். உச்சி 85-க்குத்தான் நகர்ந்திருக்கும். ஐந்து ரூபாய் ஏற்றினால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.